உக்கிய பின்பலகை: படகு பழுதுபார்ப்பு குறித்த வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கடந்த இலையுதிர் காலத்தில், 1989-இல் கட்டப்பட்ட 18 அடி ஃபைபர் கிளாஸ் படகு ஒன்றை, 115 குதிரைத்திறன் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாருடன் வாங்கினேன். சிம்கோ ஏரியில் குடும்பத்தோடு செல்வதற்காக வாங்கியது. மோட்டாரை உயர்த்தும்போதெல்லாம், அது மாட்டப்பட்டிருக்கும் பின்பலகையின் மேல்விளிம்பு சற்றே அசைகிறது. போல்ட் துளைகளுக்குக் கீழே பழுப்பு நிற நீர் கசிகிறது. விற்றவரோ அது வெறும் ஜெல்கோட் (படகின் மேற்பூச்சு) விரிசல்தான் என்கிறார். உண்மை என்ன? நானே சரிசெய்ய முடியுமா?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: பழுப்பு நீர் கசிவதும் மேல்விளிம்பு அசைவதும் ஒன்றாகத் தென்பட்டால், அதை ஜெல்கோட்டோடு நின்றுவிட்ட விரிசல் என்று எண்ணுவதற்கு இடமில்லை, உள்ளிருக்கும் மரம் உக்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். சரிசெய்து முடிக்கும்வரை அந்தப் படகை நீரில் இறக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்லும் படகு என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

அக்காலத்துப் படகுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் பின்பலகை முழுக்கக் கண்ணாடியிழையால் ஆனதன்று. வெளியே ஓர் ஓடு, உள்ளே ஓர் ஓடு, இரண்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை தடித்த பிளைவுட் என்பதுதான் அதன் அமைப்பு. படகு முன்னோக்கி ஓடும்போது புரொப்பெல்லரின் உந்துவிசை மோட்டார் தாங்கியின் கீழ்ப்பகுதியைப் பலகைக்குள் அழுத்துகிறது. அதே வேளையில் மேல் போல்ட்டுகளை வெளிப்பக்கமாக இழுக்கிறது. நடுவிலுள்ள மரம் கெட்டியாக இருக்கும்வரை இரு ஓடுகளும் ஒன்றுசேர்ந்து அந்த விசையைத் தாங்கும். மரம் உக்கியதும் மெல்லிய ஓடுகள் இரண்டும் தனித்தனியே வளையத் தொடங்குகின்றன. நீங்கள் கண்ட அசைவு அதுதான்.

மரத்தை உக்கச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் போதும். கடல்நீரைவிட நன்னீரில் அது செழித்து வளர்வதால், ஏரிப் படகுகளும் மழைநீர் தேங்கும் படகுகளும் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. உங்கள் ஊரில் இன்னொரு கேடும் உண்டு: மரத்துக்குள் புகுந்த நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிவடைந்து, பிளைவுட்டின் அடுக்குகளையும் ஓட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுகிறது.

நீர் எந்த வழியாகப் புகுந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் மரத்தை மட்டும் மாற்றுவது வீண்செலவு. தேங்கிய நீரைத் திறந்துவிட அடியில் பொருத்தியிருக்கும் பித்தளைக் குழாய்தான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. அதன் விளிம்பு தேய்ந்தோ வெடித்தோ போனால், படகின் அடியில் நிற்கும் நீர் நேரே மரத்தின் வெட்டுமுகத்துக்குள் இறங்கும். ஆழம் காட்டும் கருவியின் உணரியைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகள், ஏணியின் போல்ட்டுகள், மோட்டாருக்கு முன்னுள்ள பள்ளத்தின் வடிகால் குழாய்கள், மேல்விளிம்பை மூடும் அலுமினியப் பட்டை ஆகியவை அடுத்த இடங்கள். ஆலையில் படகு கட்டியபோதே இத்துளைகளுக்குள் வெறும் மரத்தை விட்டுவிட்டு, மேலே மட்டும் சிறிது பசை தடவியிருப்பார்கள். அந்தப் பசை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

உறுதி செய்துகொள்ள மூன்று சோதனைகள் போதும். முதலாவது, மோட்டாரைப் பாதி உயர்த்தி அதன் கீழ்முனையை மெல்ல அழுத்தியபடி, மேல்விளிம்பும் மோட்டார்ப் பள்ளத்தின் மூலைகளும் அசைகின்றனவா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று எழும், உக்கிய இடத்தில் மந்தமாக அமுங்கிப்போகும். மூன்றாவதுதான் பொய் சொல்லாதது: உட்புறத்திலிருந்து, வெளி ஓட்டைத் தொடாமல், 6 மில்லிமீட்டர் டிரில்லால் நான்கைந்து இடங்களில் துளையிட்டு, வெளிவரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த சுருள்கள் வந்தால் மரம் நலம். கறுத்து, நைந்து, காடி நாற்றத்தோடு வந்தால் மரம் போய்விட்டது. அடிப்பகுதியில் தொடங்குங்கள், ஏனெனில் நீர் அங்கேதான் சேரும். ஈரமானியை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஓட்டின் பின்னால் இருக்கும் உலோகமும் சிலவகைப் பூச்சுகளும் அதை ஏமாற்றிவிடும்.

நீங்களே சரிசெய்ய முடியுமா என்றால், கைத்தொழிலில் பொறுமையும் கூரையுள்ள ஓர் இடமும் இருந்தால் முடியும். ஆனால் தொடங்குவதற்கு முன் படகின் தரையிலும், அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களிலும் இதே துளைச் சோதனையைச் செய்துவிடுங்கள். பின்பலகை உக்கிய படகில் அச்சட்டங்களின் பின்முனைகளும் உக்கியிருப்பது மிகச் சாதாரணம். அவையும் போயிருந்தால் வேலை மும்மடங்காகும். அந்த நிலையில் அந்தப் படகைக் கைவிடுவதே பல சமயம் அறிவார்ந்த முடிவு.

வேலையை உள்ளிருந்து செய்வதா, வெளியிலிருந்து செய்வதா என்பதில் பட்டறைக்காரர்களிடையே இரு கருத்துகள் உண்டு. வெளி ஓட்டை வெட்டி எடுத்தால் கை எளிதாகச் செல்லும். ஆனால் படகின் உடலோடு ஒரே வார்ப்பாக இருக்கும் ஓட்டை அறுத்துவிட்டு மீண்டும் ஒட்ட வேண்டியிருக்கும், மேற்பூச்சு வேலையும் பெருகும். மோட்டார்ப் பள்ளத்தை அறுத்து எடுத்தாவது உள்ளிருந்தே செய்வதைத்தான் நான் விரும்புகிறேன், ஏனெனில் மூல ஓடு முழுமையாக நின்றுவிடுகிறது.

மோட்டாரை இறக்கியதும், எதையும் அறுப்பதற்கு முன், பின்பலகையின் சாய்வையும் போல்ட் துளைகளின் இடத்தையும் அட்டையில் படியெடுத்து வையுங்கள். மேல்விளிம்பின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட தண்டு மோட்டாருக்கு 20 அங்குலம், கூடுதல் நீளமுள்ளதற்கு 25 அங்குலம் என்ற கணக்கு மாறினால் புரொப்பெல்லர் சரியான ஆழத்தில் நிற்காது. டிரெய்லரின் தாங்கிகள் பின்முனை வரை படகைத் தாங்குகின்றனவா என்று பாருங்கள். மரம் வெளியே போனபின் எஞ்சும் வெளி ஓடு தானாக நிற்காது. நேரான கட்டைகளை வெளிப்புறம் வைத்துக் கட்டாவிட்டால் அது வளைந்த நிலையிலேயே புதிய பலகை ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை நிமிர்த்த வழியே இல்லை.

உள் ஓட்டை வெட்டி எடுத்தபின் உக்கிய மரம் கையாலேயே வந்துவிடும். எஞ்சியிருக்கும் நல்ல மரம்தான் உளிக்கும் கிரைண்டருக்கும் வேலை கொடுக்கும். அது ஒட்டியே இருக்கிறதே, விட்டுவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். நல்லதாகத் தெரியும் மரத்திலும் பூஞ்சை பரவியிருக்கக்கூடும். வெளி ஓட்டின் உட்புறம் முழுவதையும் புதிய கண்ணாடியிழை தெரியும்வரை தேய்த்து, பக்கச் சுவர்களையும் அடித்தளத்தையும் ஓர் அங்குலத் தடிமனுக்குப் பன்னிரண்டு அங்குலம் என்ற விகிதத்தில் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் தீங்கானது. முழு உடையும், தூசியையும் கரிம ஆவியையும் தடுக்கும் வடிகட்டிகள் பொருத்திய முகமூடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடக்கூடாது.

புதிய உள்மரத்துக்கு 19 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை, கெட்டியாக்கிய எபாக்சியால் (இரு திரவங்களைக் கலந்ததும் இறுகும் ரெசின் பசை) ஒன்றோடொன்று ஒட்டிப் பயன்படுத்துங்கள். பிளைவுட்டின் வெட்டுமுகங்கள் ரெசினை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; அவை உறிஞ்சுவதை நிறுத்தும்வரை மீண்டும் மீண்டும் பூச வேண்டும். பலகையின் அடிவிளிம்பு படகின் அடித்தளத்தை நேராகத் தொடாதபடி கால் அங்குல இடைவெளி விட்டு, அதையும் எபாக்சியாலேயே நிரப்புங்கள். தொட்டுக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அடித்தளம் வெடிக்கும்.

ஒட்டும் நாள்தான் முக்கியமான நாள். எபாக்சியில் கூழ்மச் சிலிக்கா தூளைக் கலந்து, கரண்டியிலிருந்து வழியாமல் நிற்கும் வடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, பல்வைத்த தகட்டால் வெளி ஓட்டின் மீதும் பலகையின் மீதும் பரப்புங்கள். எபாக்சியைச் சிறு சிறு அளவாகவே கலக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையத் தொடங்கும். பலகையை நிறுத்தியபின், பழைய போல்ட் துளைகளின் வழியே நீண்ட திருகுக் கம்பிகளைச் செலுத்தி, இருபுறமும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கட்டைகளை வைத்து இறுக்குங்கள். விளிம்புகளெங்கும் பசை சீராகப் பிதுங்கி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, மரமும் ஓடும் வெறுமையாகத் தொட்டுக்கொள்ளும். வெளியே பார்வைக்கு அழகாக இருக்கும் அந்த ஒட்டு, முதல் கோடையிலேயே விட்டுவிடும்.

இறுகியபின் மூலைகளை அதே கெட்டிப் பசையால் வளைவாக நிரப்பி, அதன் மேல் பையாக்சியல் துணியை (இழைகள் இரு திசைகளில் ஓடும்படி தைத்த கண்ணாடியிழைத் துணி) மூன்று அல்லது நான்கு அடுக்காக ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாகப் பக்கச் சுவரின் மீது ஏற வேண்டும். ஓர் அடுக்கு முழுதும் இறுகிவிட்டால், மேலே படிந்திருக்கும் வழவழப்பான படலத்தை வெறும் நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடுத்ததை ஒட்டலாம். நடுச்சட்டங்களிலிருந்து பலகைக்கு முட்டுக்கொடுத்திருந்தால் அவற்றையும் மறவாமல் மீண்டும் கட்டுங்கள். மோட்டாரின் இழுவிசையைப் படகின் உடலுக்குக் கொண்டுசெல்வது அவைதான். 15 பாகை செல்சியஸுக்குக் கீழே பல எபாக்சிகள் மிக மெதுவாகவே இறுகும் என்பதால், மே அல்லது ஜூன் வரை காத்திருப்பது நல்லது.

கடைசியாகத் துளைகள். ஒவ்வொரு துளையையும் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே வெளியே தெரியாது. நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கோன் வேண்டாம், பாலியூரிதேன் பசையைப் பயன்படுத்துங்கள். ஆழங்காட்டியின் உணரிக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டையை வெளியே பசையால் ஒட்டி, திருகாணிகளை அதில் மட்டும் முடுக்கினால், எத்தனை முறை கருவியை மாற்றினாலும் பலகைக்குள் துளை விழாது. புதிய பலகை உறுதியாக இருக்கிறது என்பதற்காக, படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் குறித்துள்ள உச்ச குதிரைத்திறனைத் தாண்டிய மோட்டாரை மாட்டக்கூடாது. அதே குதிரைத்திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாருக்கு மாறும்போதும் எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி: கடையில் 710 பிளைவுட் கேட்டால் விலை அதிகம், 303 போதும் என்கிறார்கள். தேக்குப் பலகையே போட்டுவிடலாம் என்று தச்சர் சொல்கிறார். எது சரி?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு, ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது. வீட்டு அலமாரிக்குப் பின்னது போதும், மோட்டார் தொங்கும் பலகைக்குப் போதாது. 710-இலும் முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், பலகையின் நான்கு வெட்டுமுகங்களையும் பாருங்கள். அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தால் அதை வாங்க வேண்டாம், ஏனெனில் நீர் அந்தப் பொந்து வழியேதான் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: மரைன் பிளைவுட்டில் நீரில் விடாதது பசைதான், முத்திரை இருப்பதாலேயே மரம் உக்காது என்று ஆகிவிடாது. வெளிநாடுகளில் விரும்பப்படும், பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தரக்குறியீடு பெற்ற பலகைகளில்கூட, ஒக்கூமே மரத்தில் செய்தவை ஈரம் பட்டால் விரைவில் உக்கக்கூடியவை.

தேக்கு உக்காமல் நீண்டநாள் இருக்கும் என்பது மெய்தான். ஆனால் அதிலுள்ள எண்ணெய்ப்பசை ரெசின் பிடிப்பதற்குத் தடையாக நிற்கிறது. மேலும் எந்த முழுமரப் பலகையும் ஈரத்துக்கு ஏற்பக் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்குவதால், ஓட்டுக்குள் அடைபட்டால் ஒட்டைப் பிளந்துவிடும். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட பிளைவுட்டில் இந்த அசைவு மிகக் குறைவு. மருந்தேற்றிய பிறகு உலர்த்தாத பலகையையும் தவிர்த்துவிடுங்கள். ஈரமரத்தில் ரெசின் பிடிக்காது.

கேள்வி: மரத்தை எடுக்காமலே, வரிசையாகத் துளையிட்டு நீர்போன்ற எபாக்சியை உள்ளே செலுத்தினால் பலகை கல்லாகிவிடும் என்று விளம்பரங்களில் பார்த்தேன். பலகையின் மேல்விளிம்பைத் திறந்து, மரத்தைத் தோண்டிவிட்டுக் கலவை ஊற்றும் முறையும் இருக்கிறதாம். இவற்றை நம்பலாமா?
– வாசகர், மெல்போர்ன்

பதில்: முதலாவதை நம்ப வேண்டாம். உக்கிய மரம் நீரை உறிஞ்சி நிரம்பியிருக்கும். நீர் இருக்கும் இடத்தில் எபாக்சி நுழையாது. இரு ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட மரத்தை முழுதாக உலர்த்துவதோ, எபாக்சி எங்கே சென்றது, எங்கே செல்லவில்லை என்று அறிவதோ நடைமுறையில் இயலாது. துளையைச் சுற்றி இரண்டொரு அங்குலம் கெட்டிப்பட்டு, மற்ற இடங்கள் முன்போலவே இருக்கும். ஒரு திருகாணித் துளையைச் சுற்றிச் சிறிதளவு மட்டுமே ஈரம் கண்ட பலகைக்கு, அந்த இடத்தைக் குடைந்து உலர்த்தி அடைப்பது வேறு விஷயம், அது செய்யத்தக்கதே.

இரண்டாவது, முறையாகச் செய்தால் நிற்கும் வேலை. சங்கிலி ரம்பத்தாலும் நீண்ட உளிகளாலும் மேலிருந்து உள்மரம் முழுவதையும் எடுத்துவிட்டு, நார்த்துணுக்குகள் கலந்த வார்ப்பு ரெசினை ஊற்றுகிறார்கள்; மேல்தளத்தை அறுக்க வேண்டியதில்லை, உக்கவும் மரம் இல்லை. இதன் வெற்றி முழுக்கத் துப்புரவில் இருக்கிறது. அடியில், வடிகால் குழாயைச் சுற்றியும் இரு ஓரங்களிலும், கண்ணுக்கு எட்டாத இடங்களில் ஈரமரம் எஞ்சிவிட்டால், ஊற்றிய கலவை ஓட்டோடு ஒட்டாமல் அந்த மரத்தோடு ஒட்டி நிற்கும். ஆகவே மோட்டார் பெரிதாகவும் பலகை அகலமாகவும் இருந்தால், திறந்து பார்த்துச் செய்யும் வேலையையே பரிந்துரைப்பேன். உக்காத பொருள்தான் வேண்டுமென்றால், பிளைவுட்டுக்கு மாற்றாகக் கண்ணாடியிழை கலந்த பாலியூரிதேன் நுரைப்பலகைகள் உள்ளன. விலை பன்மடங்கு, எடை குறைவு.

கேள்வி: எங்களுடையது 18 அடி ஃபைபர் படகு, 25 குதிரைவலு எஞ்சின், தொழிலுக்குப் போறது. எஞ்சின் மாட்டுற பலகை மேல்பக்கம் நைஞ்சு போச்சுது. இங்கே எபாக்சி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கட்டாது. படகு செய்த அதே ரெசினிலும் மேட்டிலும் செய்தால் நிற்குமா, ஐயா?
– வாசகர், வடமராட்சி

பதில்: நிற்கும், ஐயா. உங்கள் படகே பாலியெஸ்டர் ரெசினில் கட்டியதுதான். எபாக்சி பழைய ஓட்டிலும் மரத்திலும் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. அதனால் பாலியெஸ்டரில் செய்யும்போது தேய்ப்பில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பழைய மினுக்கம் ஓரிடத்திலும் எஞ்சாமல் தேய்த்து, தூசியைத் துடைத்து, அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். மரத்துக்கு முதலில் மெல்லிய ரெசின் பூச்சு, பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே நன்றாக ரெசின் ஊறிய மேட் (துண்டு இழைகளாலான கண்ணாடியிழை விரிப்பு), பிறகு மேட்டும் ரோவிங்கும் (நெய்த தடித்த கண்ணாடியிழைத் துணி) மாறி மாறி என்று அடுக்குங்கள். ஒருவேளை பாதியில் எபாக்சி கிடைத்து அதற்கு மாறினால், அதன் மேல் மீண்டும் பாலியெஸ்டர் போடக்கூடாது, பிடிக்காது. பாலியெஸ்டருக்கு மேல் எபாக்சி போடலாம். படகுக்குப் பயன்படும் சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும் என்பதால், அந்த மேட் எபாக்சியில் சரியாக ஊறாது என்பதையும் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கையை உங்கள் பட்டறையில் இருக்கும் ஒவ்வோர் இளைஞரிடமும் சொல்லிவையுங்கள். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும், அதை இறுகச் செய்யும் எம்.இ.கே.பி. எனப்படும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். முதலில் ஆக்ஸிலரேட்டரை ரெசினில் விட்டு முழுதாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையோ ஒரே குச்சியோ கூடாது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி அணிவதும், அருகில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைப்பதும் கட்டாயம். வெயிலில் விரைவாக இறுகுகிறதே என்று கேட்டலிஸ்டை நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது. நிழலில், காலை வேளையில் வேலை செய்வதே அதற்கு வழி.

உங்கள் பலகை மேலிருந்து நைந்ததற்குக் காரணம் அனேகமாக எஞ்சினின் திருகுப்பிடிகள். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அவற்றின் வட்டமுனைகள் ஓட்டை நசுக்கி, மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. மேல்விளிம்பில் தெறிக்கும் நீர் அவ்வழியே இறங்குகிறது. புதிய பலகையின் உட்புறத்தில் திருகுப்பிடி அமரும் இடத்தில் ஒரு தடித்த அலுமினியத் தகட்டைப் பசை வைத்துப் பொருத்துங்கள்; தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாரியில் படகைக் கரையேற்றி வைக்கும்போது எஞ்சினைக் கழற்றிவிட்டு, அணியத்தை (முன்பக்கத்தை) உயர்த்தி, தண்ணீர் திறக்கும் தக்கையைப் பிடுங்கிவிடுங்கள். தக்கை இருக்கும் துளையின் உள்முகத்தையும் அப்போதே விரலால் தடவிப் பாருங்கள். மரம் கைக்குத் தட்டுப்பட்டால், உலரவிட்டு ரெசின் பூசிய பிறகே படகை மீண்டும் கடலில் இறக்குங்கள்.